யூதர்களுக்கும் அதிக மாதம் உண்டா?

கேள்வி: 1 அக்டோபர் 2024, இரவு 9.40

எங்கள் ஆபீஸ் இஸ்ரேல் டீம் நாளை சாயங்காலத்திலிருந்து புத்தாண்டு லீவு. போன வருஷம் செப்டம்பர் 15லேயே போய்விட்டார்கள். சந்திரனை வைத்துக் கணக்கு என்றால் ரம்ஜான் மாதிரி வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால்தானே நகரணும்? இது பின்னால் போயிருக்கிறதே. நாளைக்கு நமக்கு மகாளய அமாவாசை வேறு. சம்பந்தம் இருக்கிறதா, தற்செயலா?

1 அக்டோபர், இரவு 11.20

தற்செயல் இல்லை. அவர்கள் மாதமும் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைச்சல். முஸ்லிம்கள் அந்தக் குறைச்சலை அப்படியே விட்டுவிடுகிறார்கள், ரம்ஜான் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். யூதர்களால் அப்படி விடமுடியாது, பஸ்கா பண்டிகை வசந்தத்தில்தான் வரவேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறது. அதனால் 19 வருஷத்தில் 7 தடவை ஒரு மாதத்தைச் செருகிவிடுகிறார்கள். நாளை முடியப்போகிற 5784 அப்படி ஒரு வருஷம், ஆதார் மாதம் இரண்டு தடவை வந்தது. உங்கள் டீம் லீவு தள்ளிப்போனது அதனால்தான். நம் பஞ்சாங்கத்து அதிக மாதமும் ஏறக்குறைய இதே கணக்கு, 19 வருஷத்துக்கு 7.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தாணேயில் எங்கள் எதிர்வீடு யூத வீடு.

2 அக்டோபர், காலை 7.05

"தாணேயில் யூதரா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம். இந்தியாவில் யூதர் என்றதும் எல்லாருக்கும் கொச்சி மட்டாஞ்சேரிதான் ஞாபகம் வரும், டூரிஸ்ட் பஸ் அங்கேதான் நிற்கிறது. ஆனால் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் பெனே இஸ்ரேல், கொங்கண் கரைக்காரர்கள், வீட்டுப் பேச்சு மராத்தி. அலிபாக் பக்கத்தில் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஜோடி உயிர் பிழைத்தது, அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்பது அவர்கள் கதை. கிராமத்தில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊரில் அவர்களுக்கு 'ஷனிவார் தேலி' என்று பேர், சனிக்கிழமை வாணியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென் ஊர்க்காரர் பென்கர், கிஹிம் ஊர்க்காரர் கிஹிம்கர். பெயர்ப்பலகையைப் பார்த்தால் மராத்திக்காரர் என்றுதான் நினைப்பீர்கள்.

மும்பையில் அவர்களின் முதல் ஜெப ஆலயம் 1796ல் மாண்ட்வியில் கட்டியது. தாணேயில் டெம்பி நாக்கா பக்கம் இருப்பது 1879. அப்பாவுக்கு பேலாப்பூர் ரோட்டில் கெமிக்கல் ஃபாக்டரி வேலை, 1981லிருந்து 1993 வரை அந்த வீட்டில் இருந்தோம். எதிர்வீட்டு அம்மாவை நாங்கள் மௌஷி என்போம், மராத்தியில் சித்தி. என் பாட்டிக்குத் தமிழ் மட்டும், மௌஷிக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. ஆனாலும் மாதம் ஒரு தரம் இருவரும் காலண்டரும் கையுமாக வாசலில் நிற்பார்கள். பாட்டியிடம் மாட்டுங்காவில் வாங்கிய தினசரி காலண்டர். மௌஷியிடம் எபிரேயத் தேதியும் ஆங்கிலத் தேதியும் போட்ட ஒன்று. இரண்டிலும் அமாவாசை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம். சரியாக இருந்தால் இவர் தலையை ஆட்டுவார், அவர் "பரோபர்" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

பாட்டி கண்டுபிடித்தது இன்னொன்று: அவர்கள் புத்தாண்டிலிருந்து பத்தாம் நாள் நாள்முழுக்கப் பட்டினி கிடக்கிற யோம் கிப்பூர், நமக்கு நவராத்திரி முடிந்து பத்தாம் நாள் விஜயதசமி, இரண்டும் எப்போதும் ஒரே நாள்.

2 அக்டோபர், மதியம் 1.30

5785 எதிலிருந்து என்று கேட்டவருக்கு: உலகம் படைத்ததிலிருந்து. நம் கலியுகக் கணக்கு 5126ல் போகிறது. இதில் யார் சீனியர் என்று சண்டை ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. புத்தாண்டு பிறக்கிற திஷ்ரி அவர்கள் கணக்கில் ஏழாவது மாதம். முதல் மாதம் நிசான், பஸ்கா மாதம். ஏழாவது மாதம் முதல் தேதி வருஷம் பிறக்கும். இதை மௌஷியிடம் ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள் கவர்ன்மெண்டுக்கு ஏப்ரலில் வருஷம் பிறக்கவில்லையா?" என்றார். அவர் வீட்டுக்காரர் அக்கவுண்ட்ஸ் ஆள்.

4 அக்டோபர், இரவு 10.10

நேற்றும் இன்றும் அவர்களுக்குப் புத்தாண்டு, எக்காளம் ஊதுகிற நாள். அதைவிட எனக்கு ஞாபகம் அல்வாதான்.

சிக் அல்வா. 'சிக்' என்பது கோதுமைப் பால் உறைந்து நிற்கிற மாவு. கோதுமையை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அரைத்து, துணியில் பிழிந்து, பாலைத் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்துவிட்டால் அடியில் நிற்பது. படிக்கும்போதே திருநெல்வேலிக்காரர்களுக்கு மூக்கில் மணம் வந்திருக்கும். ஆமாம், அதே வழிதான். வித்தியாசம் இரண்டு. இவர்கள் நெய்யைத் தொடமாட்டார்கள், தேங்காய்ப்பால்தான். பண்டிகைச் சாப்பாட்டில் கறி இருக்கும், கறியோடு பால், வெண்ணெய், நெய் எதுவும் சேரக்கூடாது என்பது சட்டம். கொங்கண் முழுக்கத் தென்னை, அது பெரிய சௌகரியம். இன்னொன்று, கிளறி இறக்கியதை உருண்டையாகக் கையில் எடுக்க முடியாது, தட்டில் ஊற்றி ஆறவிட்டு சாய்சதுரமாக வெட்டவேண்டும். ரோஸ் கலர், மேலே பாதாம் பிஸ்தா சீவல்.

கிளறுவது சாதாரண வேலை இல்லை. மௌஷி வீட்டில் அன்றைக்கு ஆள் முறை போடுவார்கள், எதிர்வீட்டுப் பையன்கள் உட்பட. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கையை நிறுத்தாமல் கிளறவேண்டும், நிறுத்தினால் அடி பிடிக்கும். பாதியில் அது பசை மாதிரி கரண்டியை இழுக்கும், தோள்பட்டை விட்டுப்போகும். "இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை" என்பார் மௌஷி. ஆனதென்று எப்படித் தெரியும் என்றால், கரண்டியைச் சுழற்றினால் மொத்தமும் பாத்திரத்தை விட்டுக் கழன்று ஒரே கட்டியாகக் கூடவே சுற்றும். பாட்டி ஒரு வருஷம் அடுப்படி வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "நெய் விடாமல் அல்வாவா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். ராத்திரி இரண்டு துண்டு சாப்பிட்டார்.

6 அக்டோபர், காலை 9.00

திருத்தம். "எப்போதும் ஒரே நாள்" என்று எழுதியதை ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார், போன வருஷம் யோம் கிப்பூர் செப்டம்பர் 25, விஜயதசமி அக்டோபர் 24 என்று. உண்மைதான். உட்கார்ந்து பார்த்தேன். 2017, 2022 இரண்டிலும் ஒரே நாள். இந்த வருஷமும் அக்டோபர் 12 அன்று ஒன்றாகவே வருகிறது. 2018, 2020, 2021, 2023 நான்கிலும் ஒரு மாதம் தள்ளி. இரண்டு பேரும் மாதம் கூட்டுகிறார்கள், ஆனால் ஒரே சமயத்தில் கூட்டுவதில்லை. அவர்கள் எப்போது கூட்டினாலும் ஆதாரைத்தான் இரட்டிப்பார்கள், பிப்ரவரி மார்ச் வாக்கில். நமக்கு எந்தச் சந்திர மாதத்தில் சங்கராந்தி விழவில்லையோ அது அதிக மாதம், அது ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதத்தில் வரும். ஒருவர் கூட்டி மற்றவர் இன்னும் கூட்டாத இடைவெளியில் பண்டிகை பிரிந்துவிடும், அப்புறம் மறுபடி சேரும்.

2019தான் குழப்பம். அந்த வருஷம் மாதம் தள்ளவில்லை, ஒரே ஒரு நாள் வித்தியாசம்: விஜயதசமி அக்டோபர் 8, யோம் கிப்பூர் 9. காரணம் வேறு ஒரு விதி. யூதப் புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளியில் விழக்கூடாது. புதனிலோ வெள்ளியிலோ பிறந்தால் யோம் கிப்பூர் சனிக்கிழமைக்கு ஒட்டி முன்னாலோ பின்னாலோ வந்துவிடும், இரண்டு நாள் சேர்ந்தாற்போல அடுப்பு பற்றவைக்க முடியாது. ஞாயிறு ஆகாது என்பது அதே மாதக் கடைசியில் வருகிற ஒரு சடங்கு சனியில் விழாமல் இருக்க. 2019ல் ஞாயிறு பிறக்கவேண்டியது, திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள்.

பாட்டி எப்படி 'எப்போதும்' என்றார்? அவர் எங்களுடன் இருந்ததே நாலைந்து வருஷம்தான். ஒத்துப்போன வருஷம் மட்டும் மனதில் நின்றிருக்கும். எனக்கும் அப்படித்தான்.

6 அக்டோபர், இரவு 8.45

அரசியல் கேட்பவர்களுக்கு: அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் யூதர் இருந்தார்களா என்று கேட்டவருக்கு: இருந்தார்கள், பதினேழாம் நூற்றாண்டில், வைரமும் பவளமும் வியாபாரம் செய்ய வந்தவர்கள். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு அந்தப் பவளம்தான். ஜாக் டி பைவா என்ற வைர வியாபாரி 1687ல் இங்கேயே இறந்தார். அவர்கள் கல்லறைகள் மிச்சம் இருக்கின்றன. ஆனால் திருவிழாவும் அல்வாவும் வைத்து வருஷம் ஓட்டுகிற அளவுக்கு ஜனம் இப்போது இங்கே இல்லை.

9 அக்டோபர், இரவு 11.50

மௌஷியின் மாமியாருக்கு அப்போது எண்பது இருக்கும். மௌஷி புத்தாண்டை ரோஷ் ஹஷானா, பட்டினி நாளைக் கிப்பூர் என்பார். மாமியார் வாயில் அந்தப் பெயர்களே வராது, எல்லாம் மராத்திப் பெயர்கள். பையன்களை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வார், அதனால் இன்றும் மறக்கவில்லை.

புத்தாண்டு: நவ்யாச்சா ஸண், புதுப் பண்டிகை. அது கழிந்து சில நாளில் கீரிச்சா ஸண், புதுத் தானியத்தில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்கிற கீர், பாயசப் பண்டிகை. யோம் கிப்பூர்: தார்ஃபால்னிச்சா ஸண், கதவடைக்கிற பண்டிகை, ஏனென்றால் அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார்களாம், வெளியாரோடு பேச்சே கிடையாது. மறுநாள் ஷிலா ஸண். ஷிலா என்றால் பழையது, நாம் பழையது என்கிற அதே அர்த்தத்தில், நேற்று வைத்த சோறு. எஸ்தர் ராணி கதையைக் கொண்டாடுகிற பூரீமுக்கு ஹோலிச்சா ஸண். பஸ்காவுக்கு அனாஸி டாக்காச்சா ஸண், ஜாடி மூடுகிற பண்டிகை. ஆகஸ்டில் துக்கப் பட்டினிக்கு பிர்ட்யாச்சா ஸண், பயறுப் பண்டிகை. புத்தாண்டுக்கு முந்தின எலூல் மாத நோன்புக்குப் பேர், கேள்வி கேட்ட நண்பரே கவனியுங்கள், ரம்ஜான்!

ஒரு பண்டிகையின் பெயரில்கூட எகிப்து இல்லை, எருசலேம் இல்லை, மோசே இல்லை. கொங்கணுக்கு வந்து நூற்றாண்டுகள் ஆனதில் புத்தகம் போய்விட்டது, பாஷை போய்விட்டது, 'ஷெமா இஸ்ரவேல்' என்ற ஒரு ஜெபம் வாயில் நின்றது என்பார்கள். கூட நின்றது சனிக்கிழமையும், விருத்தசேதனமும், எந்த மாதத்தில் எதைச் சமைக்கவேண்டும் எதைச் சமைக்கக்கூடாது என்பதும். அப்புறம் கொச்சியிலிருந்தும் பாக்தாத்திலிருந்தும் வந்தவர்கள் எபிரேயப் பெயர்களைத் திரும்பக் கொடுத்தார்கள். மாமியாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. "கிப்பூர் என்றால் என்ன அர்த்தம் என்று இவளைக் கேள்" என்று மருமகளைக் காட்டிச் சொல்வார்.

13 அக்டோபர், காலை 6.30

அண்ணன் இன்னும் தாணேயில்தான் இருக்கிறான், நவராத்திரி லீவுக்கு வந்திருக்கிறேன். நேற்று விஜயதசமி, யோம் கிப்பூர், சனிக்கிழமை, மூன்றும் சேர்ந்து. சாயங்காலம் டெம்பி நாக்கா பக்கம் போனேன். அந்த இடத்து நவராத்திரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவே பந்தல். மேளம் காதைக் கிழிக்கிறது. அதற்கு நடுவே ஜெப ஆலய வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 2008 நவம்பருக்கு அப்புறம் மும்பைப் பக்கம் எல்லா ஜெப ஆலயத்துக்கும் இந்தக் காவல்தான். முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே போகமுடியாது, நானும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்றேன்.

பட்டினி முடிகிறபோது ஒரு நீண்ட எக்காளம் ஊதுவார்கள், சின்ன வயதில் அது கேட்டால் மௌஷி வீட்டுப் பையன் பூரி பாத்திரத்தை நோக்கி ஓடுவான். நேற்று ஊதினார்களா இல்லையா, மேளத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறே முக்கால் வாக்கில் கதவு திறந்து வெள்ளை வெள்ளையாக ஜனம் வெளியே வந்தது, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் புடவை. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நினைத்ததைவிட நிறைய. ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மூடியைப் போட மறந்து கையில் வைத்துக்கொண்டே மேளம் போகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது.

பூரி என்றேனே, அது நம் பூரி இல்லை. ரவை, சர்க்கரை, தேங்காய், முந்திரி அடைத்துப் பொரிப்பது. சோமாசி என்றால் நமக்குப் புரியும்.

17 அக்டோபர், இரவு 9.15

சென்னை திரும்பினால் வேளச்சேரி மேம்பாலம் முழுக்க கார் பார்க்கிங். ரெட் அலர்ட் கொடுத்த நேற்றுச் சாயங்காலம்தான் யூதர்களுக்குக் கூடாரப் பண்டிகை ஆரம்பம், திஷ்ரி பௌர்ணமி. ஓலைக்கூரை போட்ட பந்தலில் ஏழு நாள் சாப்பிடவேண்டும், கூரை வழியாக நட்சத்திரம் தெரியவேண்டும் என்பது விதி. வேளச்சேரியில் போட்டிருந்தால் சாம்பாரே தெரியாது.

யோசித்தால் இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. இந்தப் பண்டிகை முடிந்த கையோடு மழைக்கான ஜெபம் ஆரம்பிக்கிறார்கள். இஸ்ரேலில் மழை அப்போதுதான் தொடங்கும், பந்தலில் நனையாமல் இருக்கத்தான் பண்டிகை முடியும்வரை காத்திருக்கிறார்கள். கொங்கணில் நாலு மாதம் கொட்டித் தீர்த்த மழை அப்போதுதான் விடைபெறும். மௌஷி வீட்டுக்காரர் குடையைப் பரண்மேல் போடுகிற வாரத்தில் மழை கேட்டு ஜெபம். எருசலேம் கணக்குக்கு இந்தியாவில் சரியாகப் பொருந்துகிற ஊர் வடகிழக்குப் பருவமழை பெய்கிற சென்னைதான், இங்கே ஜெபிக்க ஆள் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள் என்று மாநகராட்சியே மனு கொடுத்திருக்கும்.

26 டிசம்பர், காலை 8.00

ஹனுக்கா நேற்றுச் சாயங்காலம் தொடங்கியது, கிறிஸ்துமஸ் அன்றே. எட்டு நாள், நாளுக்கு ஒரு விளக்கு கூட. நம் கார்த்திகையும் அவர்கள் கிஸ்லேவும் அக்கம்பக்கம். மௌஷி வீட்டில் தேங்காய் எண்ணெயில் திரி. இதைப்பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை, சின்னப் பண்டிகைதான்.

14 பிப்ரவரி 2025, இரவு 10.30

நேற்று தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு, ஷெபாத் பௌர்ணமி. உலகத்து யூதர்களுக்குப் பழம் தின்கிற நாள், அவ்வளவே. பெனே இஸ்ரேலுக்கு அது எலியா தீர்க்கதரிசியின் நாள், மாமியார் கணக்கில் எலியா நபியின் 'உரூஸ்'. எலியா ரதத்தில் ஏறிப் பரலோகம் போனதாக வேதத்தில் இருக்கிறதல்லவா, போகிற வழியில் கொங்கணில் தடம் பதித்துவிட்டுப் போனார் என்பது இவர்கள் நம்பிக்கை. கண்டாலாவில் ஒரு பாறையில் ரதச் சக்கரத் தடமும் குதிரைக் குளம்பும் காட்டுவார்கள். மௌஷி குடும்பத்தோடு நாங்களும் ஒரு தரம் போயிருக்கிறோம்.

அன்றைக்கு மலீதா. அவலை நனைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், முந்திரி திராட்சை போட்டுப் பிசைந்து பெரிய தாம்பாளத்தில் குவித்து, சுற்றி ஐந்து வகைப் பழம், மேலே ரோஜாப்பூ. எலியா பாட்டுப் பாடி, ஒவ்வொன்றையும் எடுத்து ஆசி சொல்லிப் பங்குபோடுவார்கள். வேண்டுதல் பலித்தாலும், கல்யாணம் நிச்சயமானாலும், வேலை கிடைத்தாலும் இதேதான். பாட்டி பார்த்துவிட்டு, "குசேலன் கொண்டுபோன அவல்" என்று சொல்லி முதல் வாய் அவரே எடுத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை முகம் சுளிக்கவில்லை.

15 பிப்ரவரி, காலை 7.10

திருத்தம் இரண்டு. மௌஷியின் பெண் இஸ்ரேலில் அஷ்தோத்திலிருந்து வாட்ஸப் செய்திருக்கிறாள், நான் எழுதியதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படிக்கிறாளாம். ஒன்று, கண்டாலா என்றால் எல்லாரும் லோனாவலா பக்கத்து மலைக் கண்டாலா என்று நினைப்பார்கள், இது அலிபாக் பக்கத்துக் கிராமம் என்று சொல்லு என்கிறாள். சரி. நாங்களும் கேட்வேயிலிருந்து படகில் மாண்ட்வா போய்த்தான் போனோம், கடல் ஆட்டத்தில் நான் வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, வழி மறந்துவிட்டது. இரண்டு, மலீதாவில் முதல் வாய் பாட்டி எடுக்கவில்லையாம், குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்களாம், பாட்டி ஓரமாக நின்று கேட்டு வாங்கினாராம். அவள் அப்போது எட்டு வயது, நான் பன்னிரண்டு. யார் ஞாபகம் சரி என்று தீர்ப்புச் சொல்ல மௌஷி இப்போது இல்லை, பாட்டியும் இல்லை.

14 மார்ச், மாலை 5.00

இன்று ஹோலி, இன்றே பூரீம். ஹோலிச்சா ஸண் என்று ஏன் பேர் வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை, இரண்டும் பௌர்ணமியை ஒட்டி. ஆமான் என்கிற மந்திரி யூதர்களை ஒழிக்கப் பார்த்தான், எஸ்தர் ராணி காப்பாற்றினாள். ஜெப ஆலயத்தில் எஸ்தர் புத்தகத்தை வாசிக்கும்போது ஆமான் பேர் வருகிற இடத்தில் எல்லாம் காலை உதைத்துக் கூச்சல் போடலாம். பெரியவர்களே சத்தம் போடச் சொல்கிற ஒரே நாள். அந்தப் புத்தகத்தின் முதல் வரியிலேயே இந்து தேசம் வருகிறது, தமிழ் பைபிள் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்.

12 ஏப்ரல், இரவு 11.40

இன்றிரவு பஸ்கா. பங்குனிப் பௌர்ணமி, நேற்று உத்திரம். வீட்டில் புளித்த மாவு ஒரு துணுக்கு இருக்கக்கூடாது. இட்லி மாவு அரைக்கிற வீட்டுக்காரனான எனக்கு இதைப்போல ஆச்சரியம் இல்லை. மாமியார் சொன்ன ஜாடி மூடுகிற பண்டிகை இதுதான்: புளிப்பு ஊற்றி வைத்த மண்ஜாடி, 'அனாஸ்', குழம்புக்கெல்லாம் அதிலிருந்து எடுப்பார்கள், பண்டிகை முடிகிறவரை அதை மூடி வைத்துவிடுவார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை என்ற காரணம் மறந்து போயிருக்கலாம், மூடவேண்டிய ஜாடியை மறக்கவில்லை.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலேயே வேலை ஆரம்பம். சுவருக்கு வெள்ளையடிப்பு. அப்புறம் கலாய்க்காரன் வருவான், மாடிப்படிக்குக் கீழே குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவான். பித்தளை, செம்புப் பாத்திரங்களைச் சூடுகாட்டி, நவச்சாரத்தைத் தூவினால் வெள்ளைப் புகை கிளம்பும், ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுற்றித் துடைத்தால் உள்பக்கம் நிலவு மாதிரி ஆகிவிடும். அந்தப் புகை வாசனைக்காகவே நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவோம். நம் வீட்டில் பொங்கலுக்குச் செய்கிற வேலை, மூன்று மாதம் தள்ளி. பாட்டியும் தன் பாத்திரங்களை அந்தக் கூட்டத்திலேயே கொடுத்துவிடுவார், கூலியில் கொஞ்சம் குறையும்.

அரிசி உண்டா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய யூதர் வழக்கத்தில் பஸ்காவுக்கு அரிசி ஆகாது, இவர்களுக்கு ஆகும். ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்வார் மௌஷி. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழப் பாகு.

13 ஏப்ரல், காலை 8.20

திராட்சை விஷயத்தை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பண்டிகை ராத்திரியும் ஒயினுக்கு ஆசி சொல்லவேண்டும். தாணேயில் அந்தக் காலத்தில் கோஷர் ஒயினுக்கு, அதாவது யூத விதிப்படி செய்த ஒயினுக்கு, எங்கே போவது? கறுப்பு உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் கசக்கி, மெல்லிசுத் துணியில் வடிகட்டினால் ஷர்பத், அதுதான் ஒயின். ஊறுகிற கிண்ணத்தைப் பார்த்தால் இன்று வெள்ளி என்று எங்களுக்குத் தெரியும். விளக்கு ஏற்றிய பிறகு ஸ்விட்சைத் தொடமாட்டார்கள். என்னை அணைக்கச் சொல்லவும் கூடாது. மௌஷி வாசலில் வந்து நின்று, "ஹால் லைட் கண்ணைக் கூசுகிறது" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார். நான் போய் அணைத்துவிட்டு வருவேன். இதை எழுதும்போது யோசிக்கிறேன், எல்லா வீட்டிலும் இவ்வளவு கறார் கிடையாது. மேல்மாடி யூத வீட்டில் சனிக்கிழமை டிவி ஓடும், மௌஷி அந்தச் சத்தம் கேட்டால் உதட்டைக் கடிப்பார்.

3 ஆகஸ்ட், இரவு 9.50

இன்று ஆடிப்பெருக்கு, அவர்களுக்கு ஆப் மாதம் ஒன்பதாம் நாள் பட்டினி. எருசலேம் ஆலயம் இரண்டு தடவை இடிந்ததற்குத் துக்கம். இதற்கு முந்தின மூன்று வாரம் கல்யாணம் கிடையாது. மௌஷியின் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசவந்தவர்கள் ஜூலையில் தேதி கேட்டபோது, பாட்டி குறுக்கே வந்து, "ஆடியில் யாராவது செய்வார்களா?" என்று தமிழிலேயே சொல்ல, மௌஷி புரிந்த மாதிரி தலையாட்டினார். இரண்டு பேர் சொன்னதும் வேறு வேறு காரணம், தடை ஒன்று.

பிர்ட்யாச்சா ஸண் என்றேனே, அது வால் பயறு, நம் மொச்சை இனம். முளைகட்டி, வெந்நீரில் போட்டு, ஒவ்வொன்றையும் விரல் நுனியில் பிதுக்கினால் பருப்பு துள்ளி விழும், தோல் கையில் நிற்கும். பிதுக்குப்பருப்பு! பாட்டிக்குத் தை மாத வேலை. ஆகஸ்டில் மௌஷி முறத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரும் பிதுக்க ஆரம்பித்துவிட்டார். துக்க நாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னாலும் எழுந்திருக்கமாட்டார்.

4 ஆகஸ்ட், காலை 6.45

அஷ்தோத்திலிருந்து திருத்தம்: சம்பந்தம் பேசவந்தது அவளுக்கு இல்லை, அவள் அத்தைக்கு. அவளுக்கு அப்போது பத்து வயதாம். மன்னிக்கவும். "உன் ஞாபகத்தில் எனக்கு எத்தனை கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறாள்.

22 செப்டம்பர், இரவு 10.00

இன்று சாயங்காலம் 5786 பிறந்துவிட்டது, நவராத்திரியும் இன்றே. அவர்களுக்கு முதல் தேதி நாளைக்குத்தான், ஆனால் இந்தத் தடவை நவராத்திரிக்கு ஒரு நாள் கூட, அதனால் யோம் கிப்பூரும் விஜயதசமியும் அக்டோபர் 2ல் ஒன்றாகிவிடுகின்றன. பாட்டி கணக்கு இந்த வருஷமும் ஜெயித்தது. சிக் அல்வா முயற்சி செய்தேன், கோதுமையை ஊறப்போட நேரமில்லாமல் சோளமாவில். ரோஸ் கலர் நன்றாக வந்தது, மற்றது எதுவும் வரவில்லை. கரண்டியோடு சுற்றவே இல்லை, மகன் ஜெல்லி என்று நினைத்து ஸ்பூன் கேட்டான்.

முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு: அடுத்த வருஷம் பிரிந்துவிடும். நமக்கு மே, ஜூனில் அதிக மாதம் வருகிறது, அவர்கள் 2027ல்தான் கூட்டுவார்கள். உங்கள் டீம் செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விடும், அப்போது இங்கே பிள்ளையார் சதுர்த்திகூட வந்திருக்காது. டெலிவரி தேதியை அதற்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.